கருத்துக் கேட்டால் போதுமா? சுற்றுச்சூழல் அனுமதியில் மக்களும் இணையமும்



பொதுமக்களின் வாழ்வைத் தொடும் பொருள் ஒன்றைப் பற்றித்தான் இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில் பேச வேண்டும் என்று அதை நிறுவியவர் விரும்பியிருக்கிறார். ஒரு துறைமுகமோ சுரங்கமோ அனல்மின் நிலையமோ வரும்போது, அதன் பக்கத்தில் வாழ்கிறவர்களிடம் அரசு கருத்துக் கேட்கிறது. அந்தக் கருத்துக்கேட்பில் இணையம் இதுவரை என்ன செய்திருக்கிறது, இனி என்ன செய்யலாம், எது அதனால் ஆகாது என்பவையே இன்றைய உரையின் பொருள்.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருத்துச் சொல்வதை இணையம் எளிதாக்கிவிட்டது. சொன்ன கருத்துக்குப் பதில் வாங்குவது இன்றும் எளிதாகவில்லை. பதில் கிடைக்காத கருத்து, ஆயிரம் வந்தாலும் லட்சம் வந்தாலும், கோப்பில் வெறும் எண்ணிக்கைதான். எத்தனை பேர் எழுதினார்கள் என்று கணக்குப் பார்ப்பதோடு நாம் நின்றுவிடக் கூடாது. எழுதியதற்கு யார் பதில் சொன்னார்கள், அந்தப் பதிலால் திட்டத்தில் என்ன மாறியது என்று கேட்க வேண்டும்.

சட்டம் தந்த இடம்

1984 டிசம்பரில் போபாலில் நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். ஆலைச் சுவருக்கு வெளியே குடியிருந்தவர்களுக்கு, உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்பதே தெரியாது. அந்தப் பேரழிவுக்குப் பிறகு 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்கீழ் 1994 ஜனவரி 27 அன்று சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வெளியானது. மக்களிடம் கருத்துக் கேட்பது கட்டாயம் என்ற விதி 1997இல் சேர்ந்தது. இன்று நடைமுறையில் இருப்பது 2006 செப்டம்பர் 14 அன்று வெளியான அறிவிக்கை. அதற்குப் பிறகு பல திருத்தங்கள் வந்திருக்கின்றன.

2006 அறிவிக்கை மக்கள் கலந்தாய்வை இரண்டு பகுதியாக வைக்கிறது. ஒன்று, திட்டம் வரும் இடத்திலோ அதன் அருகிலோ மாவட்ட ஆட்சியர் அல்லது அவருடைய பிரதிநிதி தலைமையில் நடக்கும் கருத்துக்கேட்புக் கூட்டம். இன்னொன்று, திட்டத்தில் அக்கறை உள்ள மற்றவர்கள் எழுத்து மூலம் அனுப்பும் கருத்து. கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னதாக அறிவிப்பு வர வேண்டும். ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் விளம்பரம் வர வேண்டும். நாளிதழ் போகாத ஊராக இருந்தால் பறையறைந்து அறிவிக்கலாம், வானொலி தொலைக்காட்சி வழியாகவும் அறிவிக்கலாம் என்கிறது அதே விதி. கூட்டம் முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். முடிவில் நடவடிக்கைக் குறிப்பை உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். மக்கள் எழுப்பிய பிரச்சினைகளையும், அவற்றுக்குத் திட்டம் கொண்டுவருபவர் தரும் பதில்களையும் உள்ளூர் மொழியிலும் ஆங்கிலத்திலும் பட்டியலிட்டு இணைக்க வேண்டும்.

ஆக, பதில் சொல்லும் கடமைக்கான விதை சட்டத்திலேயே இருக்கிறது. தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கத்தை மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தன் இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்றும் 2006லேயே எழுதிவிட்டார்கள். கிராமங்களில் கைப்பேசி இணையம் பரவாத காலத்தில் எழுதிய விதி அது. 2018 ஆகஸ்டில் மத்திய அரசு பரிவேஷ் என்ற ஒற்றைச் சாளர இணையதளத்தைத் தொடங்கியது. அதன் முதல் நோக்கம் விண்ணப்பம் போடும் நிறுவனங்களுக்கு அனுமதியை விரைவுபடுத்துவது. அந்தத் திட்டங்களால் பாதிக்கப்படும் மக்களுக்கு அதே வேகமும் வசதியும் கிடைத்திருக்கின்றனவா என்று கேட்டால், இல்லை என்றே சொல்ல வேண்டும்.

அறிக்கையை யார் படிக்கிறார்கள்?

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பெரும்பாலும் பல நூறு பக்கம் இருக்கும். திட்டத்தைச் சுற்றி பத்துக் கிலோமீட்டர் வட்டத்துக்குள் காற்று, நீர், மண், செடி, உயிரினம், மக்கள்தொகை எல்லாம் அதில் அட்டவணைகளாக அடுக்கப்பட்டிருக்கும். அதைத் தயாரிப்பது ஓர் ஆலோசனை நிறுவனம். அந்த நிறுவனத்துக்குக் கட்டணம் கொடுப்பது அனுமதி கேட்கும் நிறுவனமேதான். இந்த ஏற்பாட்டில் குறை நேர்வது இயல்பு. அந்தக் குறையைக் கண்டுபிடிக்க வெளியே இருந்து படிப்பவர்கள் தேவை.

மகாராஷ்டிரத்தின் ரத்தினகிரி மாவட்டத்தில் வரவிருந்த ஒரு பாக்சைட் சுரங்கத்தின் கதை இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். கொங்கணக் கடற்கரைக்கான அந்த அறிக்கையில் ஸ்ப்ரூஸ் காடும் பிர்ச் காடும் இருந்தன. ரஷ்யாவில் உள்ள ஒரு பாக்சைட் சுரங்கத்துக்கு எழுதிய அறிக்கையிலிருந்து வரிகளை அப்படியே எடுத்து ஒட்டியிருந்தார்கள். மாவும் முந்திரியும் விளையும் ஊரில் பனிநாட்டு மரங்கள் எப்படி வந்தன என்று கேட்க ஊர்க்காரர் ஒருவர் படித்தால் போதும். அறிக்கை மின்வடிவில் கையில் இருந்தால், சந்தேகப்படும் வரியைத் தேடுபொறியில் இட்டு அது எங்கிருந்து வந்தது என்றும் பார்த்துவிடலாம். இணையம் தரும் முதல் பயன் இதுதான். வாரிய அலுவலகத்தில் அலுவலக நேரத்தில் மட்டும் புரட்ட முடிந்த கோப்பை, ஊர்க்காரரும் தாவரவியல் ஆசிரியரும் கடலியல் மாணவரும் ஒரே வாரத்தில் தனித்தனியே படிக்க முடிகிறது.

பழவேற்காடு ஏரிப் பகுதியை எடுத்துக்கொள்வோம். எண்ணூருக்கு வடக்கே கொசஸ்தலை ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே மணல்திட்டாகக் கிடக்கிறது காட்டுப்பள்ளி. அங்குள்ள துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிவாக்கும் திட்டத்துக்கு 2021 ஜனவரி 22 அன்று கருத்துக்கேட்பு என்று அறிவித்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியது; கூட்டம் தள்ளிப்போனது. 2023 செப்டம்பர் 5 என்று மறுபடியும் நாள் குறித்தார்கள், அதுவும் தள்ளிப்போனது. இடைப்பட்ட காலத்தில் அந்த அறிக்கையும் வரைபடங்களும் கைப்பேசிக்குக் கைப்பேசி போயின. கடலரிப்பு எந்தப் பக்கம் கூடும், ஏரியின் முகத்துவாரம் என்ன ஆகும் என்று மீனவர்களும் ஆய்வாளர்களும் ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு பேசினார்கள்.

மீனவர்கள் பங்கெடுப்பது ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பழவேற்காடு ஏரியில் பாடு என்ற முறை உண்டு. எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை போடலாம் என்பதை ஊரே கூடி முறைவைத்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு அது. அந்த இடங்களுக்கெல்லாம் பெயர் உண்டு. ஆழம், சேறு, இறால் வரும் பருவம் எல்லாம் அந்தப் பெயரோடு சேர்ந்த அறிவு. மதிப்பீட்டு அறிக்கைக்குப் பெரும்பாலும் ஒரு பருவம், அதாவது மூன்று மாதம், தரவு எடுத்தால் போதும் என்பது நடைமுறை. மழைக்காலத்தை விட்டுவிட்டு எடுத்த மூன்று மாதத் தரவில், ஐப்பசி கார்த்திகையில் ஆற்றுநீர் ஏரிக்குள் இறங்கும்போது நடப்பது எதுவும் பதிவாகாது. அந்த இடைவெளியை நிரப்பக்கூடியவர் பாடு பார்த்து வலைபோடும் மனிதர். அவர் அந்த அட்டவணையைப் பார்க்க வேண்டும். பார்த்து, இது தவறு என்று சொல்ல வழி வேண்டும்.

ராய்கட்டில் ஒரு கணினி மையம்

இணையமும் ஊர்க்கூட்டமும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தியாவிலேயே சிறந்த சான்று சத்தீஸ்கரின் ராய்கட். நிலக்கரி மிகுந்த அந்த மாவட்டத்தில் ரமேஷ் அகர்வால் என்பவர் சிறியதொரு இணைய மையம் நடத்தினார். தங்கள் ஊருக்குப் பக்கத்தில் என்ன வரப்போகிறது என்று அறியாத கிராமத்தாருக்காக ஆவணங்களைத் திரட்டினார். 2005இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்தி விண்ணப்பங்கள் போட்டார். கிடைத்த தாள்களில் இருந்ததைக் கிராமங்களுக்குக் கொண்டுபோய் விளக்கினார்.

அங்கே கரே IV/6 என்ற நிலக்கரிச் சுரங்கத்துக்கு 2008 ஜனவரியில் கருத்துக்கேட்பு நடந்தது. அது முறைப்படி நடக்கவில்லை என்று மக்கள் வழக்குப் போட்டார்கள். 2012 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அந்தக் கூட்டம் வெறும் கேலிக்கூத்து என்று கண்டித்து, சுரங்கத்துக்குக் கொடுத்த அனுமதியை ரத்து செய்தது. அதே ஆண்டு ஜூலையில் ரமேஷ் அகர்வாலை அவருடைய கடைக்குள்ளேயே வந்து துப்பாக்கியால் சுட்டார்கள். தொடையெலும்பு நொறுங்கியது, உயிர் பிழைத்தார். 2014இல் அவருக்கு கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது.

இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. அவருடைய மையத்தில் கணினிகள் இருந்தன என்பதால் மட்டும் சுரங்கம் நிற்கவில்லை. கணினி வழியாக வந்த தகவல், கூட்டத்தில் எழுந்து நின்று பேசிய பழங்குடி மக்களின் வாய்க்குப் போனது.  அந்தக் குரல் தீர்ப்பாயத்தின் முன் வந்தது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் தீர்ப்பு வந்திருக்காது.

2020 கற்றுத் தந்தது

2006 அறிவிக்கைக்கு மாற்றாக 2020 மார்ச்சில் மத்திய அரசு ஒரு வரைவை வெளியிட்டது. நாடே ஊரடங்குக்குள் நுழைந்துகொண்டிருந்த நேரம். கருத்துக்கேட்பு அறிவிப்புக்கான 30 நாளை 20 நாளாகக் குறைக்க அந்த வரைவு முனைந்தது. அனுமதியின்றித் தொடங்கிய திட்டங்களுக்குப் பின்னாளில் அனுமதி தர வழி வைத்தது. விதிமீறலைப் பற்றி முறையிட அரசு அமைப்புகளுக்கும் திட்டத்தைக் கொண்டுவருபவருக்கும் இடம் இருந்தது. பாதிக்கப்பட்ட மக்களுக்கு அந்த இடம் இல்லை.

ஊர்வலம் போக முடியாத, கூட்டம் கூட முடியாத நிலையில் மக்கள் மின்னஞ்சலில் இறங்கினார்கள். பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் அமைச்சகத்துக்குப் போயின. இந்தியாவில் ஒரு சுற்றுச்சூழல் விதியைப் பற்றி இவ்வளவு பேர் எழுதியது அதற்கு முன் இல்லை. தமிழ்நாட்டில் கல்லூரி மாணவர்களும் திரைக்கலைஞர்களும் விவசாயச் சங்கங்களும் ஒரே பொருளைப் பற்றிப் பேசினார்கள்.

மொழிப் பிரச்சினை அப்போதுதான் வெட்டவெளிச்சமானது. வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருந்தது. 2020 ஜூன் 30 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் கருத்துச் சொல்லும் காலத்தை ஆகஸ்ட் 11 வரை நீட்டித்தது. அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் பத்து நாளுக்குள் வெளியிடச் சொன்னது. கர்நாடக உயர் நீதிமன்றம் இறுதி அறிவிக்கைக்கே இடைக்காலத் தடை விதித்தது. மொழிபெயர்க்கும் கடமை தனக்கு இல்லை என்று மத்திய அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது. மக்களிடம் கருத்துக் கேட்டு வெளியிட்ட ஒரு வரைவை மக்கள் மொழியில் தர ஓர் அரசு இவ்வளவு தயங்கியது வருத்தத்துக்குரியது.

வேறொன்றும் நடந்தது. அந்த ஜூலையில் மூன்று இளைஞர் இயக்கங்களின் இணையதளங்கள் முடங்கின. அவற்றில் ஒன்றின் தொடர்பாக டெல்லி காவல்துறை அனுப்பிய நோட்டீஸில் பயங்கரவாதத்துக்கு எதிரான சட்டத்தின் பிரிவு இடம்பெற்றிருந்தது. பிறகு, தவறுதலாக அனுப்பிவிட்டோம் என்று அதைத் திரும்பப் பெற்றார்கள். அமைச்சருக்கு மின்னஞ்சல்கள் குவிந்தன என்பதுதான் புகார். கருத்துச் சொல்லுங்கள் என்று அழைத்துவிட்டு, கருத்து வந்து குவிந்ததைக் குற்றமாகப் பார்ப்பது குடியரசுக்கு அழகல்ல.

அந்த வரைவு இறுதி அறிவிக்கையாக வரவில்லை. மக்களின் குரலுக்கு அதில் பங்கு உண்டு என்று நம்புகிறேன். ஆனால் எழுதிய லட்சக்கணக்கானோருக்கு, உங்கள் கருத்தில் இதை ஏற்றோம், இதை ஏற்கவில்லை, காரணம் இது என்று ஒரு பதில் ஆவணம் வந்து சேரவில்லை. அதே 2020 ஜனவரியில், எண்ணெய் எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்குக் கருத்துக்கேட்பே தேவையில்லை என்று ஒரு திருத்தம் வந்திருந்தது. காவிரிப் படுகை விவசாயிகள் அதன் பொருளை உடனே உணர்ந்தார்கள். ஒரு பக்கம் லட்சம் பேர் எழுத வாசல் திறந்திருக்கிறது. மறுபக்கம் எழுதவேண்டிய சந்தர்ப்பமே ஒரு திருத்தத்தில் போய்விடுகிறது.

இணையத்தால் ஆகாதவை

இணையமே போதும், கூட்டம் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் காணொலி வழியே கருத்துக்கேட்பு நடத்தும் பேச்சும் எழுந்தது. நான் அதை ஏற்கவில்லை.

2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இணையத்தை எப்போதேனும் பயன்படுத்திய பெண்கள் இந்தியாவில் நூற்றுக்கு 33 பேர். ஆண்கள் 57 பேர். அதற்குப் பிறகு நிலைமை முன்னேறியிருக்கும். ஆனால் நிலத்தையும் நீரையும் இழக்கும் வீடுகளில் கைப்பேசி யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். நண்டு பிடிக்கிற, கூடையில் மீன் சுமந்து விற்கிற, கிணற்றுத் தண்ணீர் உப்பானதை முதலில் நாக்கில் உணர்கிற பெண்ணின் கருத்து காணொலியில் வராது. ஊர்க்கூட்டத்தில் அவர் ஒலிபெருக்கியை வாங்கிப் பேசும்போது ஆட்சியர் அவர் முகத்தைப் பார்த்தே ஆக வேண்டும். அண்டை ஊர்க்காரர்கள் அதற்குச் சாட்சி. அந்த வலிமையை இணையம் தராது.

ஒரே வாசகத்தில் வரும் மின்னஞ்சல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆயிரம் பேர் ஒரே கடிதத்தை அனுப்பினால் அது மக்களின் உணர்வைக் காட்டும். அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் அனுமதியைப் பரிந்துரைக்கும் வல்லுநர் மதிப்பீட்டுக் குழு அதை ஒரே கருத்தாக எண்ணி ஒதுக்கிவிட முடியும். எங்கள் ஊர்க் கிணற்றில் சித்திரையில் இத்தனை அடியில் தண்ணீர் இருக்கும், அறிக்கையின் இந்தப் பக்கத்தில் வேறாகப் போட்டிருக்கிறார்கள் என்று எழுதிய ஒற்றைப் பக்கத்தை அப்படி ஒதுக்குவது கடினம். பிறகு நீதிமன்றம் போனாலும் அந்த ஒற்றைப் பக்கம்தான் நிற்கும்.

பதில் சொல்லும் கடமை

2019 மார்ச் 29 அன்று கோவாவின் மோபா விமான நிலைய வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைச் சட்ட மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். மக்கள் கலந்தாய்வுக்கு இரண்டு மதிப்பு உண்டு என்கிறது அது. தன்னைப் பாதிக்கும் முடிவில் தன் குரலும் கேட்கப்பட வேண்டும் என்பது குடிமகனின் உரிமை. அதற்காகவே அது மதிப்புடையது. உள்ளூர் அறிவு சேர்வதால் முடிவு சரியாக அமையும். அந்தப் பயனுக்காகவும் அது மதிப்புடையது. இது வெறும் சடங்காகிவிடக் கூடாது என்று சொல்லி நீதிமன்றம் விமான நிலையத்துக்குத் தந்திருந்த சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2020 ஜனவரியில், கூடுதல் நிபந்தனைகளோடு அந்தத் தடை விலகியது. திட்டம் நின்றதா நடந்ததா என்பதைவிட, அனுமதியைப் பரிந்துரைக்கும் குழு மனம் செலுத்தி ஆராய்ந்ததா என்று நீதிமன்றம் கேட்டதே நமக்கு முக்கியம்.

அந்தக் கேள்வியை நடைமுறையாக்க என் கோரிக்கைகள் ஐந்து. முதலாவது, சுருக்கம் மட்டுமின்றி வரைவு அறிக்கை முழுவதும் தமிழில் வர வேண்டும். குறைந்தது, பாதிப்புகளையும் மாற்று இடங்களையும் பற்றிய அத்தியாயங்களாவது வர வேண்டும். இரண்டாவது, அது யூனிகோடு எழுத்தில், தேடிப் பார்க்கக்கூடிய வடிவில் இருக்க வேண்டும். பக்கங்களைப் படமெடுத்து ஏற்றிய கோப்பில் தன் ஊர்ப் பெயரைத் தேடும் விவசாயிக்கு எதுவும் அகப்படாது. திட்ட எல்லையைக் காட்டும் வரைபடக் கோப்பையும் கைப்பேசியில் திறக்கும்படி தர வேண்டும். தன் வயல் உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று அவரே பார்த்துக்கொள்வார்.

மூன்றாவது, எழுத்தில் வரும் ஒவ்வொரு கருத்துக்கும் பதிவெண் கொடுத்து, எழுதியவரின் சொந்த விவரங்களை மறைத்து, இணையத்தில் வெளியிட வேண்டும். நான்காவது, ஒவ்வொரு எதிர்ப்புக்கும் திட்டம் கொண்டுவருபவர் தரும் பதிலை வல்லுநர் குழு கூடும் முன்னரே தமிழில் வெளியிட வேண்டும். பதில் பொய்யென்றால் மறுத்து எழுத மக்களுக்கு அவகாசம் தர வேண்டும். ஐந்தாவது, கூட்டத்தின் வீடியோப் பதிவை முழுமையாக இணையத்தில் வைக்க வேண்டும். வல்லுநர் குழு எதை ஏற்றது, எதை எந்தக் காரணத்தால் தள்ளியது என்று தன் குறிப்பில் எழுத வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய தொழில்நுட்பம் தேவையில்லை. மனம் இருந்தால் மாநில அரசே பெரும்பாலானவற்றை நாளைக்கே தொடங்கலாம்.

மாணவர்களுக்கு

மாணவச் செல்வங்களே, இந்தக் கோரிக்கைகள் நிறைவேறும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் கருத்துக்கேட்பு அறிவிப்புகளுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. மாதம் ஒருமுறை அதைப் பாருங்கள். உங்கள் மாவட்டத்தின் பெயர் வந்தால் அறிக்கையைத் தரவிறக்குங்கள். வேதியியல் படிப்பவர் நீர்த்தரவைப் பாருங்கள். விலங்கியல் படிப்பவர் உயிரினப் பட்டியலைப் பாருங்கள். தமிழ் படிப்பவர் அந்த ஊர் மக்களுக்குப் புரியும் தமிழில் பத்துப் பக்கம் எழுதிக் கொடுங்கள். சட்டம் படிப்பவர் மனு எழுத உதவுங்கள். அதை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போங்கள். போய், அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதி வாருங்கள். திட்டம் வேண்டும் என்பவரும் இருப்பார், வேண்டாம் என்பவரும் இருப்பார், இரண்டையும் எழுதுங்கள். முடிவு சொல்வது ஊரின் உரிமை. தெரிந்து முடிவு சொல்ல வைப்பது படித்தவர்களின் கடமை.

மனு அனுப்பியதோடு நின்றுவிடாதீர்கள். பதில் வரும்வரை கேளுங்கள். வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கருத்துச் சொல்லும் உரிமையை நமக்கு முந்தைய தலைமுறை வாங்கித் தந்தது. சொன்ன கருத்துக்குப் பதில் பெறும் உரிமையை உங்கள் தலைமுறை வாங்க வேண்டும். அந்தப் பணியில் உங்களுக்கு வெற்றி கிட்ட வாழ்த்துகிறேன்.